குடும்பச் சுற்றுலாவுக்குக் காரில் சைக்கிள் ரேக்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

குடும்பத்தோடு விடுமுறைக்குக் காரில் கிளம்பும்போது சைக்கிள்களையும் உடன் கொண்டுபோக விரும்புவோருக்குப் பெரும்பாலும் மூன்று வகை ரேக்குகள் கிடைக்கின்றன. கூரையில் குறுக்குக் கம்பிகள் போட்டு அவற்றின் மேல் சைக்கிளை நிறுத்துவது ஒன்று; டிக்கியின் கதவில் பட்டைகளாலும் கொக்கிகளாலும் கட்டித் தொங்கவிடுவது இன்னொன்று; டிரெய்லர் இழுப்பதற்காகக் காரின் பின்புறம் பொருத்தப்படும் டோ பாரில் மாட்டுவது மூன்றாவது. மூன்றையும் குடும்பப் பயணங்களில் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரில் டோ பார் இருந்தால், சைக்கிளின் சக்கரங்களைத் தாங்கும் தட்டும், டிக்கியைத் திறப்பதற்காக ரேக்கைப் பின்பக்கம் சாய்க்கும் வசதியும் உள்ள ஒன்றை வாங்குங்கள். டோ பார் இல்லையென்றால் கூரை ரேக்கை வாங்குங்கள். பட்டைகளால் கட்டும் ரேக், எடை குறைந்த 2 சைக்கிள்களோடு எப்போதாவது வெளியூர் போகிறவர்களுக்கு மட்டுமே ஏற்றது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றை முடிவு செய்பவை இரண்டு: கார் தாங்கும் எடை, வீட்டிலுள்ள மிகச் சிறிய சைக்கிளின் வடிவம்.

கடையில் எழும் முதல் கேள்வி எத்தனை சைக்கிள்கள் என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் சொல்லும் முன்பு காரின் கையேட்டைப் புரட்ட வேண்டும். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கார் தயாரிப்பாளர் அதில் குறிப்பிட்டிருப்பார். பல கார்களுக்கு அது 75 கிலோ, சிறிய கார்கள் சிலவற்றுக்கு 50 கிலோ, பெரிய எஸ்யூவிகள் சிலவற்றுக்கு 100 கிலோ. சைக்கிள்களின் எடையோடு, குறுக்குக் கம்பிகளின் எடையும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியாகப் பொருத்தும் தாங்கிகளின் எடையும் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். டோ பாருக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. அதன் உருண்டை முனை செங்குத்தாக எத்தனை கிலோவைத் தாங்கும் என்பது 50, 75, 90, 100 என்று காருக்குக் கார் மாறும். எவ்வளவு எடையுள்ள டிரெய்லரை அந்தக் கார் இழுக்கும் என்ற பெரிய எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1,500 கிலோ டிரெய்லரை இழுக்கும் காரின் டோ பாரில் 75 கிலோவுக்கு மேல் ஏற்ற அனுமதி இல்லாமல் இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, டிரெய்லர் இழுக்கவே அனுமதி இல்லாத மின்சாரக் கார்கள் சிலவற்றில் சைக்கிள் ரேக் மாட்டுவதற்கு மட்டும் அனுமதி உண்டு.

நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்களின் சைக்கிள்கள் தலா 14 கிலோ, 24 அங்குலச் சக்கரம் உள்ள மூத்த பிள்ளையின் சைக்கிள் 11 கிலோ, 20 அங்குலச் சக்கரம் உள்ள இளைய பிள்ளையின் சைக்கிள் 9 கிலோ என்றால் மொத்தம் 48 கிலோ. 4 சைக்கிள்களுக்கான தட்டு ரேக் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். இரண்டையும் கூட்டினால் 68 முதல் 73 கிலோ. 75 கிலோ தாங்கும் டோ பாரில் இது மயிரிழையில் அடங்கும், 50 கிலோ தாங்குவதில் அடங்கவே அடங்காது. இதே சைக்கிள்களைக் கூரையில் ஏற்றினால், கம்பிகளுக்கு ஏறத்தாழ 6 கிலோ, தாங்கிகளுக்குத் தலா 4 கிலோ என்று சேர்த்து 70 கிலோ ஆகிறது. பெரியவர்கள் இருவரும் தலா 25 கிலோ எடையுள்ள மின்சைக்கிளுக்கு மாறிவிட்டால் சைக்கிள்கள் மட்டுமே 70 கிலோ. ரேக்கோடு சேர்த்தால் 90 கிலோவைத் தாண்டிவிடும். சைக்கிளின் எடை தெரியாதவர்கள், வீட்டிலுள்ள எடைக் கருவியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தங்கள் எடையைக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கூட்டல் கழித்தலை ரேக் வாங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். ரேக் நான்கு சைக்கிள்களுக்கானது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது ரேக்கைப் பற்றிய செய்தி. உங்கள் காரைப் பற்றி அந்தப் பெட்டிக்கு எதுவும் தெரியாது.

எடைக்கு அடுத்தபடியாக, குடும்பங்கள் மிகவும் சிரமப்படுவது பிள்ளைகளின் சைக்கிள்களால்தான். விளம்பரப் படங்களில் ரேக்கின் மேல் நிற்பவை எல்லாம் ஒரே அளவுள்ள, நேரான மேல்குழாய் கொண்ட பெரியவர்களின் சைக்கிள்கள். வீட்டிலிருப்பவையோ வேறு. மேல்குழாயைத் தாங்கித் தொங்கவிடும் ரேக்குகளில் இரண்டு கைகள் இணையாக நீண்டிருக்கும். சைக்கிளின் மேல்குழாய் அந்த இரண்டின் மேலும் படிந்து உட்கார வேண்டும். 20 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிளின் ஃபிரேமில் அதற்கான நீளமே பெரும்பாலும் இருக்காது. குழாய் வளைந்திருந்தால் சைக்கிள் ஒருபக்கமாகச் சரிந்து தொங்கும். ஏறி இறங்க வசதியாகத் தாழ்ந்த ஃபிரேம் கொண்ட பெண்களின் சைக்கிள்களுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. அவற்றில் மேல்குழாய் என்ற ஒன்றே இல்லை. சீட்டின் தண்டுக்கும் ஹேண்டில்பாரின் தண்டுக்கும் நடுவே மாட்டும் துணைக் கம்பி ஒன்று தனியாக விற்கப்படுகிறது. அது உண்மையிலேயே பயன்படும் பொருள். ஆனால் ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்ற வேண்டியிருப்பதால், அப்படிப்பட்ட சைக்கிள்கள் இரண்டுக்கு மேல் உள்ள குடும்பம் தொங்கும் ரேக்கை நினைக்காமலிருப்பதே நல்லது.

தட்டு ரேக்குகளில் சக்கரங்கள் கீழிருந்து தாங்கப்படுவதால் ஃபிரேமின் வடிவம் அவ்வளவாகத் தடையாவதில்லை. அங்கே பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, இரண்டு சக்கரங்களும் உட்காரும் குழிகளின் இடைவெளி. அது நகர்த்தக்கூடியதாக இல்லாவிட்டால், நீளம் குறைந்த சிறுவர் சைக்கிளின் ஒரு சக்கரம் குழியிலும் மற்றொன்று மேட்டிலுமாக நிற்கும். நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பல ரேக்குகள் இரு அச்சுகளுக்கும் இடையே 1,300 மில்லிமீட்டர் வரையிலான தூரத்தையே ஏற்கின்றன. இரண்டாவது, ஃபிரேமைப் பிடிக்கும் கையின் நீளம். காருக்கு அருகில் நிற்கும் சைக்கிளைக் குட்டையான கை பிடிக்கும். வெளிப்புறம் நிற்பதைப் பிடிக்கும் கை மற்றவற்றைத் தாண்டி நீள வேண்டும். கடைசியில் நிற்பது சிறுவர் சைக்கிளாக இருந்தால், அந்தக் கை நீளுவதோடு கீழ்நோக்கியும் இறங்கியாக வேண்டும். எல்லா ரேக்குகளிலும் அது முடிவதில்லை. 16 அங்குலச் சக்கரமுள்ள மிகச் சிறிய சைக்கிளை ரேக்கில் ஏற்றவே முயலாமல், பெடல்களைக் கழற்றிவிட்டு டிக்கிக்குள் படுக்கவைப்பது எல்லாவகையிலும் எளிது. இடது பெடலின் மரை தலைகீழானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதைக் கடிகாரமுள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

இனி ஒவ்வொரு வகையாக வருகிறேன். பட்டைகளால் கட்டும் ரேக்கின் நற்பண்புகளை மறைக்க நான் விரும்பவில்லை. மூன்றிலும் விலை குறைந்தது, எடை குறைந்தது, ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றக்கூடியது, வேலை முடிந்ததும் அலமாரிக்குள் அடங்கிவிடுவது. இவ்வகையில் அமெரிக்காவின் சாரிஸ் நிறுவனத்தினுடைய போன்ஸ் என்ற ரேக், வில்போல் வளைந்த அதன் பிளாஸ்டிக் சட்டத்தால் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. துருப்பிடிக்காதது, பம்பரிலும் டிக்கிக் கதவிலும் அகலமான ரப்பர் பாதங்களை ஊன்றி நிற்பது. ஆனால் இவ்வகை ரேக் எதுவாக இருந்தாலும் அதன் முழுப் பாரமும் டிக்கிக் கதவின் விளிம்பைப் பற்றியிருக்கும் மெல்லிய கொக்கிகளிலும் பட்டைகளிலும் தான் நிற்கிறது. கதவின் மேல்விளிம்பு கண்ணாடியாக இருந்தாலோ, பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தாலோ, அங்கே ஸ்பாய்லர் நீட்டிக்கொண்டிருந்தாலோ கொக்கியை மாட்ட இடமிருக்காது, அல்லது மாட்டினால் உடையும். ஆகவே, தயாரிப்பாளர் வெளியிடும் பொருத்தப் பட்டியலில் உங்கள் காரின் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஏறத்தாழ அதே உருவமுள்ள வேறு கார் இருக்கிறது என்பது போதாது. மேலும், சைக்கிள்கள் மேலே இருக்கும்வரை டிக்கியைத் திறக்க முடியாது. பிள்ளைகளோடு போகும் பயணத்தில், வழியில் மாற்றுடையோ தண்ணீரோ எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். பாதங்கள் படும் இடத்தில் தூசி இருந்தால் பெயின்ட் உரசித் தேயும்; ரேக்கை வைப்பதற்கு முன் அந்த இடத்தைக் கழுவித் துடைப்பது நல்ல வழக்கம். பட்டைகள் ஓட்டத்தில் தளரும் இயல்புள்ளவை. கிளம்பிய சில கிலோமீட்டரில் ஒருமுறையும், பிறகு நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் அவற்றை இழுத்துப் பார்க்க வேண்டும்.

கூரை ரேக் மூன்றிலும் காரின் மற்ற பயன்களுக்கு மிகக் குறைவாக இடையூறு செய்வது. டிக்கி திறக்கும், நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறையாது, பார்க்கிங் சென்சாரும் பின்புறக் கேமராவும் வழக்கம்போல் வேலை செய்யும். கூரைச் சுமைதாங்கிகளுக்கென்று ஐஎஸ்ஓ 11154 என்ற உலகத் தரநிலையும் இருக்கிறது. வாங்கும் பொருளில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வகையில் மூன்று முறைகள் உண்டு. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் என்ற கவையைப் பூட்டுவது காற்றைக் குறைவாகத் தடுக்கும், ஆட்டமே இல்லாமல் நிற்கும்; ஆனால் நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் பழைய குயிக் ரிலீஸ் அச்சுக்கும், துளை வழியே செருகும் இப்போதைய 12 அல்லது 15 மில்லிமீட்டர் அச்சுக்கும் வெவ்வேறு இணைப்புகள் தேவைப்படும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக்கை யாராவது அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், நடுவே ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் செருகிவைக்க வேண்டும். ஃபிரேமின் கீழ்க்குழாயைக் கைபோல் பற்றும் இரண்டாவது முறையே குடும்பங்களுக்குப் பழக்கமானது. தூலே நிறுவனத்தின் ஃப்ரீரைடு 17 கிலோ வரையும், புரோரைடு 598 என்பது 20 கிலோ வரையும் தாங்கும். புரோரைடில், போதிய இறுக்கம் வந்ததும் தானே வழுக்கிச் சுழலும் திருகு இருப்பதால் அளவுக்குமேல் இறுக்கிக் குழாயை நசுக்கும் அச்சம் குறைகிறது. கார்பன் ஃபிரேம் உள்ளவர்கள் எந்தப் பற்றுக் கையையும் நம்பாமல், சக்கரங்களை மட்டும் பிடிக்கும் மூன்றாவது முறைக்குப் போவது பாதுகாப்பானது. தூலே அப்ரைடு 599 அப்படிப்பட்டது. எடை ஏறத்தாழ 8 கிலோ என்பதை மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூரை ரேக்கின் பெரிய குறை உயரம். 1.5 மீட்டர் உயரமுள்ள காரின் மேல் நிமிர்ந்து நிற்கும் சைக்கிள் மொத்த உயரத்தை 2.6 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்களில் 2 மீட்டரையொட்டியே உயர வரம்பு இருப்பது வழக்கம். நாள்முழுதும் ஓட்டிக் களைத்துத் தங்குமிடத்தை அடையும் ஓட்டுநருக்கு மேலே சைக்கிள் இருப்பது மறந்துபோவது மிக எளிது. அந்த ஒரு நொடியில் சைக்கிள், ரேக், காரின் கூரை மூன்றும் சேதமாகும். மொத்த உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவையுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த குறை, தூக்குவது. 14 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் பூட்டுவது உயரமான காரில் ஒருவரால் ஆகும் வேலையல்ல. மின்சைக்கிளை அப்படித் தூக்குவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். மூன்றாவது, காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110-க்குப் போனால் தடை ஏறத்தாழ இருமடங்கு. கூரையில் நேர்க்காற்றில் நிற்கும் 4 சைக்கிள்கள் எரிபொருள் செலவைக் கண்கூடாக உயர்த்தும், மின்சாரக் காரில் ஒரே சார்ஜில் போகும் தூரத்தைக் குறைக்கும். காருக்குப் பின்னால் அதன் நிழலில் நிற்கும் சைக்கிள்களுக்கு இந்த இழப்பு குறைவு. அகலமான கண்ணாடிக் கூரை உள்ள கார்கள் சிலவற்றில் கூரைச் சுமைக்கே அனுமதி இல்லை என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

வெற்றிடக் கப்புகளால் கண்ணாடியிலும் தகட்டிலும் ஒட்டி நிற்கும் சீசக்கர் வகை ரேக்குகளும் உண்டு. கம்பிகள் இல்லாத கூரைக்கு அவை நல்ல தீர்வுதான். ஆனால் ஒட்டும் பரப்பு தூசியின்றி இருக்க வேண்டும், பம்பிலுள்ள நிறக்கோடு வெளியே தெரிகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். தனியாகப் பந்தயத்துக்குப் போகிறவருக்கு அது ஏற்கும். நான்கு சைக்கிள்களும் இரண்டு பிள்ளைகளும் உள்ள பயணத்தில் இந்தக் கவனிப்பு நடைமுறைக்கு ஒத்துவராது.

டோ பார் ரேக்கை நான் முதலிடத்தில் வைப்பதற்கு முதன்மையான காரணம், சைக்கிளை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் போதும் என்பது. பத்து வயதுப் பிள்ளைகூடத் தன் சைக்கிளைத் தானே ஏற்ற உதவலாம். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் ரேக் கவ்வி நிற்கும். வட அமெரிக்காவில் 1.25 அல்லது 2 அங்குலச் சதுரக் குழாய்க்குள் ரேக்கின் தண்டு செருகப்படும். ஒன்றுக்கானது மற்றொன்றில் பொருந்தாது. உருண்டையைக் கவ்வும் வகை, உராய்வினால் மட்டுமே நேராக நிற்கிறது. ஆகவே உருண்டையில் கிரீஸ் இருந்தால் அதை முழுவதும் துடைத்தெடுத்த பிறகே ரேக்கை மாட்ட வேண்டும். அலுமினிய உருண்டையில் மாட்டக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிப்பதையும் மதிக்க வேண்டும்.

இவ்வகையில் இரண்டு மாதிரிகளை ஒப்பிடுகிறேன். சுவீடனில் தொடங்கிய தூலே நிறுவனத்தின் ஈஸிஃபோல்டு எக்ஸ்டி 2 சைக்கிள்களுக்கானது. ரேக்கின் எடை ஏறத்தாழ 18 கிலோ, தாங்குவது 60 கிலோ, ஒரு சைக்கிளுக்கு 30 கிலோ வரை. ஜெர்மனியின் யூப்லர் நிறுவனத்தினுடைய ஐ21-ம் 2 சைக்கிள்களுக்கானதுதான், 60 கிலோ தாங்குவதுதான். ஆனால் ரேக்கின் எடை ஏறத்தாழ 13 கிலோ. இரண்டும் மடிந்து சிறிய பெட்டி அளவுக்குச் சுருங்கும், இரண்டையும் காலால் மிதித்துச் சாய்க்கலாம். ஈஸிஃபோல்டின் கைகள் எவ்வளவு இறுக வேண்டுமோ அவ்வளவு இறுகியதும் கிளிக் என்று ஒலி எழுப்பும்; கனமான மின்சைக்கிளை உருட்டி ஏற்றச் சரிவுப் பலகையும் வைத்துக்கொள்ளலாம். யூப்லரின் பலம் அதன் எடைக்குறைவு. 75 கிலோ எல்லைக்குள் இரண்டு மின்சைக்கிள்களை ஏற்ற நினைப்பவருக்கு அந்த 5 கிலோ வேறுபாடு உதவும். வீட்டின் மாடியில் ரேக்கை வைத்திருப்பவருக்கு அது இன்னும் பெரிய உதவி. என்னைக் கேட்டால், பிள்ளைகளின் சைக்கிள்களும் பெரியவர்களின் சைக்கிள்களும் கலந்துள்ள குடும்பம் இவற்றின் மூன்று சைக்கிள் வடிவங்களையோ, நான்கு சைக்கிள்களுக்கான வேறு தட்டு ரேக்குகளையோ பார்க்க வேண்டும். மடிந்து சுருங்குவதற்காக இரண்டு சைக்கிள் ரேக்கை வாங்கிவிட்டு மூன்றாவதை எங்கே வைப்பது என்று தவிக்க வேண்டாம்.

சாய்க்கும் வசதி இல்லாத ரேக்கை எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாய்த்தும்கூட எல்லாக் கார்களிலும் டிக்கி முழுதாகத் திறக்காது; பெரிய வேன்களின் கதவு வெகுதூரம் வெளியே வந்து மேலெழும் என்பதால், சாய்ந்த சைக்கிளின் ஹேண்டில்பாரில் அது முட்டும். மேலும், 50 கிலோ சுமையோடு சாய்ந்த ரேக்கை மீண்டும் நிமிர்த்தித் தள்ளுவதற்குத் தோள் வலிமை வேண்டும். கடையில் வெறும் ரேக்கைச் சாய்த்துக் காட்டும்போது இது தெரியாது.

ரேக் நம்பர் பிளேட்டையும் பின்விளக்குகளையும் மறைத்தால், ரேக்கிலேயே அவற்றை மீண்டும் காட்ட வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். நல்ல டோ பார் ரேக்குகளில் விளக்குப் பலகையும் பிளேட்டுக்கான இடமும் இருக்கும். அதன் மின் இணைப்பு பெரும்பாலும் 13 முனைகள் கொண்டது. பழைய கார்களில் 7 முனைகளே இருந்தால் இடையே ஒரு மாற்றி வேண்டும். எல்லை தாண்டிப் போகிறவர்கள் அந்தந்த நாட்டின் விதியைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்குச் சிவப்பு வெள்ளைக் கோடுகள் உள்ள 50 சென்டிமீட்டர் சதுரப் பலகை தேவைப்படுகிறது.

ஏற்றும் வரிசையில் கவனம் வேண்டும். மிகக் கனமான சைக்கிள் காரை ஒட்டியும், இலேசானது வெளியேயும் நிற்க வேண்டும். பாரம் காரிலிருந்து விலகிப் போகப்போக டோ பாரின் மேல் விழும் நெம்புவிசை கூடும். ஒன்றின் ஹேண்டில்பார் இடமும் அடுத்ததன் ஹேண்டில்பார் வலமுமாக மாற்றி மாற்றி நிறுத்தினால் ஒன்றோடொன்று முட்டுவது குறையும். பெடல் படும் இடங்களில் பழைய துணியையோ ஃபோம் குழாயையோ சுற்றிவையுங்கள். தண்ணீர் பாட்டில், பம்ப், கூடை, குழந்தை இருக்கை, மின்சைக்கிளின் பேட்டரி எல்லாம் காருக்குள் வந்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலே 2.5 முதல் 4 கிலோ வரை குறையும். சைக்கிள்களை மழையுறை போட்டு மூடாதீர்கள். உறை காற்றைப் பாய்மரம்போல் வாங்கி, ரேக் தாங்கும்படி அமைக்கப்படாத விசையை அதன்மேல் ஏற்றும். பல தயாரிப்பாளர்கள் இதை வெளிப்படையாகத் தடை செய்கிறார்கள். பின்னால் ஏற்றும்போது காரின் புகைக்குழாய்க்கு நேரே டயர் வராமல் பாருங்கள்; நீண்ட பயணத்தில் அந்தச் சூடு டயரை உருக்கக் கூடும். பின்கண்ணாடி வைப்பரையும் அணைத்துவையுங்கள். முன்வைப்பர் ஓடும்போது ரிவர்ஸ் கியர் போட்டாலே பின்வைப்பரும் தானே இயங்கும் கார்கள் பல உண்டு. அது சைக்கிளில் சிக்கினால் வைப்பரின் மோட்டார் போய்விடும். தானே திறக்கும் மின்டிக்கிக்கும் இதே கவனம் தேவை. கார் பின்னால் 60, 70 சென்டிமீட்டர் நீண்டுவிட்டது என்பதையும், சென்சார் சைக்கிளையே தடையாக எண்ணி ஓயாமல் ஒலிக்கலாம் என்பதையும், காரை எடுக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வேகத்துக்குப் பல தயாரிப்பாளர்கள் மணிக்கு 130 கிலோமீட்டரை மேல் எல்லையாகக் குறிப்பிட்டாலும், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது நான் 100-ஐத் தாண்ட மாட்டேன். மேடுபள்ளமான சாலையில் அதிலும் பாதிதான்.

ரேக்கோடு வரும் பூட்டுகள் சாப்பிட நிறுத்தும் நேரத்துக்குப் போதும், இரவுக்குப் போதாது. இரவில் சைக்கிள்களை அறைக்குள்ளோ பூட்டிய கொட்டகைக்குள்ளோ கொண்டுபோகும் சிரமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். சாவியில் பொறித்துள்ள எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், அது தொலைந்தாலும் அதே எண்ணில் புதிய சாவி வாங்கலாம்.

பழைய ரேக்கை வாங்குவதில் தவறில்லை; தட்டு ரேக்குகள் நெடுநாள் உழைப்பவை. சக்கரப் பட்டைகளில் வெடிப்பு இருக்கிறதா, வெயிலில் பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்குகிறதா, டோ பாரைக் கவ்வும் தாழ் முழு இறுக்கத்தோடு மூடுகிறதா, எல்லா விளக்குகளும் எரிகின்றனவா, சாவிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உதிரிப் பட்டைகள் இன்னும் விற்கப்படும் மாதிரியாக இருப்பது முக்கியம். பட்டைகளால் கட்டும் ரேக்கை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். வெயில் பட்ட நைலான் எவ்வளவு வலுவிழந்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புதிதோ பழையதோ, பணம் கொடுக்கும் முன் காரையும் எல்லாச் சைக்கிள்களையும் நேரில் கொண்டுபோய், சிறுவர் சைக்கிளை முதலில் ஏற்றி, ரேக்கைச் சாய்த்து, டிக்கியைத் திறந்து பாருங்கள். இதற்கு அரைமணி நேரம்கூட ஒதுக்க மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.